மீசை வைத்த பூசணிக்காய்

கட்டி முடியாத மூன்று மாடி வீட்டின் முகப்பில் திருஷ்டிக்காக ஒரு பூசணிக்காயைத் தொங்கவிட்டு, அதற்குக் கோரைப்பல்லும் மீசையும் வரைந்திருந்தார்கள்.

"இந்த மூணு மாடியையும் நான்தான் பல்லைக் கடிச்சுத் தாங்கிட்டிருக்கேன்," என்றது பூசணிக்காய்.

மொட்டைமாடியில் கூடு கட்டியிருந்த காக்கை விழுந்து விழுந்து சிரித்தது. "தாங்குறது கம்பியும் சிமெண்டும். நீ சாம்பாருக்கு நறுக்க வேண்டிய காய்."

"அப்படியா?" பூசணிக்காய் முகம் வாடி, கடித்த பல்லைத் தளர்த்தியது.

மடாரென்று தூணில் விரிசல் விழுந்தது. மாடி சரிந்தது. கூட்டிலிருந்த முட்டைகள் ஓரத்துக்கு உருண்டன.

"ஐயா, சாமி! நீங்கதான் தாங்குறீங்க!" என்று காக்கை அலறியது.

"சும்மா சொல்லாதே. நான் சாம்பார்க்காய்."

"யாரு சொன்னா? உங்க மீசையைப் பார்த்தா அடுப்பே அணைஞ்சுடுமே!"

பூசணிக்காய் மெல்ல மறுபடி பல்லைக் கடித்தது. வீடு நிமிர்ந்தது, விரிசலும் மூடிக்கொண்டது.

மறுநாள் எஞ்சினியர் வந்து தூணைத் தட்டிப் பார்த்தார். "நான் போட்ட தூணாச்சே, அசையுமா?" என்று மேஸ்திரியிடம் பெருமையடித்தார்.

காக்கைக்குப் பொறுக்கவில்லை. "போய் உண்மையைச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், விடு," என்றது பூசணிக்காய், பல்லைக் கடித்தபடியே. "அந்த ஆள் தளர்ந்துட்டா, அவரையும் நான்தான் தாங்கணும்."