பச்சைக்கு வெளியே செருப்புகள்

காட்டுக்குள் ரோடு போடுவது பற்றிய கருத்துக் கேட்பு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காட்டின் வரைபடத்தைத் தரை முழுக்க விரித்திருந்தார்கள்.

"எங்க ரோடு வரக்கூடாதுங்கறீங்களோ, அங்க போய்க் காட்டுங்க" என்றார் அதிகாரி.

செருப்புக் காலோடு காட்டில் நுழையாத ஊர் அது. முதலில் எழுந்த பூவாயி, வரைபடத்தில் காட்டின் பச்சை தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைவரை நடந்தாள்.

"இங்க வேணாஞ் சாமி. ஆனை தண்ணி குடிக்கிற எடம்."

பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். காட்டிய இடத்திலேயே நின்றுகொண்டார்கள், ஒருவரும் திரும்பவில்லை.

அதிகாரி சர்வேயரிடம், "நீங்க ரோடு போற கோட்டைப் போடுங்க" என்றார்.

சர்வேயர் செருப்புகளின் முன் சற்று நின்றார். குனிந்து ஷூவைக் கழற்றினார். வெறுங்காலோடு பச்சைக்குள் வந்தபோது, அவர் கையில் சிவப்புப் பேனா திறந்திருந்தது.