பனிக்குள் ஒரு விசில்

"பொம்பளைக் கங்காணியா? நல்லா இருக்குங்க தொரை! அப்புறம் நம்மளையெல்லாம் கூடையை மாட்டிக்கிட்டுக் கொழுந்து எடுக்கச் சொல்வாளுக!" என்று சிரித்தார் கணக்கப்பிள்ளை மாடசாமி.

தேயிலைத் தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்த புதிது. ஸ்பிரிங்வெளிக்கு மேலே, மேகம் வந்து தூங்கும் மலை அது. ஆள்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி வேலை காலியாகியிருந்தது. மேல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்த ரெங்கசாமிக் கங்காணிக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, லயக் குடியிருப்புப் பெண்கள் கூடி, தங்களோடு கொழுந்து எடுக்கும் பாக்கியலெட்சுமியின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

இருவரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

"ஆள்களை வேலை வாங்கிப் பழக்கம் இருக்கா?" என்று அவளைக் கேட்டார், தோட்டத்தை நிர்வகிக்க வந்த புதிய தொரை.

பாக்கியலெட்சுமி ஒருமுறை ரெங்கசாமியைப் பார்த்தாள். அவர் சால்வையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க தொரை."

"பின்னே எந்தத் தைரியத்துல வந்தே?"

"பதினெட்டு வருஷமா இந்த மலையில நிக்கிறேனுங்க. கதிர்காமத்து முருகன் பார்த்துக்குவான்."

"முருகன் வந்து விசில் ஊதுவானா?" என்றார் மாடசாமி.

பனி இறங்கிவிட்டால் அந்த மலையில் குரல் எடுபடாது. கங்காணியின் விசில்தான் எல்லாம். நீளமாக ஒன்று ஊதினால் அடுத்த செடி வரிசைக்கு நிரை மாற வேண்டும். குட்டையாக இரண்டு ஊதினால் கொழுந்து நிறுக்கப் போக வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார் தொரை.

மறுநாள் காலை, யாருக்கும் சொல்லாமல் மாடசாமியைக் கூட்டிக்கொண்டு மேல் மலைக்கு ஏறினார். எங்கும் வெள்ளை. தேயிலைச் செடிகள் பாதி கரைந்து, பாதி மிதந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற மாடசாமியே நிழலாகத்தான் தெரிந்தார்.

உயரத்தில் எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. நீளமாக, அவசரமில்லாமல், பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது போல. கண்ணுக்குத் தெரியாத நூறு கால்கள் சரசரவென்று நிரை மாறின. ஒரு கூச்சல் இல்லை, ஒரு ஏச்சு இல்லை. எங்கோ ஒருத்தி மெல்லச் சிரித்தாள். மறுபடி அமைதி.

தொரை வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"மூணு மாசமா இந்த மலைக் கொழுந்துதான் தோட்டத்துலயே முதல். ஏன்னு இப்பத்தான் புரியுது."

"ரெங்கசாமிங்க தொரை! அது ஆம்பிளை மூச்சாச்சே!"

"சரி, முடிவு பண்ணிட்டேன். இந்த விசிலை ஊதுற ஆளுக்குத்தான் பெரிய கங்காணி வேலை. எழுதிக்குங்க."

மாடசாமி மகிழ்ச்சியோடு நோட்டைத் திறந்தார்.

அப்போது வெயில் விழுந்தது. யாரோ திரையை மெல்ல இழுப்பது போல, பனி மேலிருந்து கீழாக விலகியது.

பாறையின் மேல், உதட்டில் விசிலோடு நின்றிருந்தாள் பாக்கியலெட்சுமி.

அவளுடைய நிரையில், அவளுடைய கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ரெங்கசாமிக் கங்காணி நிமிர்ந்து, திறந்திருந்த நோட்டைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

"எழுதுங்க கணக்கப்பிள்ளை. இந்த நெஞ்சுல விசில் ஊத மூச்சில்லாமப் போயி மூணு மாசமாச்சு. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும்னு, நேத்து தொரை அவ்வளவு கேட்டும் அதைப் பத்தி வாயைத் திறக்கல அந்தப் புள்ள."