சுவரில் ஒரு கை

சுண்ணாம்பு வாளியோடு கேசா தேவாலயத்துக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து, பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"எங்கய்யா அந்த ஓவியன்?"

சாரத்தின் மேலிருந்து பெர்ன்ட் எட்டிப் பார்த்தான். சுவர் நீளத்துக்கும் எலும்புக்கூடுகள், ஆளுக்கொருவர் கையைப் பிடித்து இழுத்து ஆடிக்கொண்டிருந்தன. போப்பாண்டவர், ராஜா, வியாபாரி, உழவன்... சாவு யாரையும் விடாது என்று ஊருக்குச் சொல்லும் படம்.

"நீங்களும் படத்துல தொப்பையைக் குறைக்கச் சொல்லத்தான் வந்தீங்களா? காலையில நகரத் தலைவர் வந்துட்டுப் போனாரு. சாவோட போறப்பவும் எடுப்பா இருக்கணுமாம்."

கேசா சிரிக்கவில்லை.

"என் பொண்ணை வரைஞ்சிருக்கியாமே?"

பெர்ன்ட்டின் சிரிப்பும் நின்றுபோனது. "ஆமாம்மா. அவங்கப்பாகூடத் தெருவுல போறப்ப பாத்திருக்கேன். வரிசையில கடைசியா வரைஞ்சேன்."

"யாரைக் கேட்டு வரைஞ்ச? கொள்ளைநோய்ல அவங்கப்பன் போன மறுவாரமே அவளும் போயிட்டா. அது பத்தாதா?"

"அம்மா..."

"வேத்து ஆள் கூப்பிட்டாலே என் பாவாடைக்குள்ள ஒளிஞ்சுக்குவா என் தாலெக்கா. தனியாப் போய் எப்படிப் பயந்துகிட்டு இருக்காளோன்னு நான் தூங்கியே பல நாளாச்சு. நீ அவ கையைக் கொண்டுபோய் ஒரு எலும்புக்கூட்டுக்கிட்ட குடுத்திருக்க! ஈவிரக்கம் வேணாம்?"

பெர்ன்ட் தூரிகையைக் கீழே வைத்தான்.

"அழிக்கணும்னா அழிச்சிடுங்கம்மா. ஒரு தடவை பாத்துட்டு அழிங்க."

கேசா வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிக்கொண்டு சுவரின் கோடிக்குப் போனாள்.

அங்கே தாலெக்கா. அதே முன்பல் விழுந்த வாய். பயமென்பதே இல்லாமல், தன்னைக் கூட்டிப்போகும் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மட்டையை ஓங்கியபோதுதான் மகள் பிடித்திருந்த அந்தக் கையைக் கேசா பார்த்தாள்.

மூன்றே விரல்கள்.

சுண்டுவிரல் இல்லை. மோதிர விரல் இல்லை. பீப்பாய் செதுக்கும்போது வாச்சியின் கூர்முனை பட்டு, அவள் புருஷன் ஹின்ரிக் இழந்த அதே இரண்டு விரல்கள்.

மட்டையிலிருந்து சுண்ணாம்பு தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து, கேசா மேல்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு இப்படி வெறப்பா நடக்க மாட்டாருப்பா. அவளுக்குக் கை எட்டணும்ல? கொஞ்சம் குனிய வை."