கையில் இரண்டு ராஜா

விஜயா சீட்டுகளை விரித்தாள். இரண்டு ராஜா வந்திருந்தன. மற்ற மூன்றும் குப்பை.

உடனே மூடிக்கொண்டாள்.

நடுவில் ஏழு தீக்குச்சிகள் கிடந்தன. விஜயாவிடம் ஐந்து. கண்ணம்மாவிடம் இரண்டு. ஜெயாவும் தனலட்சுமியும் ஆளுக்குப் பதின்மூன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

குச்சி முதலில் தீர்ந்துபோகிறவள் பகாங் போக வேண்டும்.

நாலு நர்ஸுகளில் ஒருத்தி, யாரென்று நீங்களே முடிவு செய்து மாலை நான்கு மணிக்குள் எழுதிக் கொடுங்கள் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். பகாங்கில் காட்டோரத்துப் புதுக் கிராமம் ஒன்றுக்கு நர்ஸ் வேண்டுமாம். அடுத்த வருடம் சுதந்திரம் என்று காஜா பேராங் தெரு முழுக்க ஒரே பேச்சு. அந்தக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அது போய்ச் சேரவில்லை போலும். போன மாதம் மருந்து கொண்டுபோன வேன் கண்ணாடி இல்லாமல் திரும்பி வந்தது. அதில் போன நர்ஸ் வரவில்லை.

யாரும் வாய் திறக்காததால் சீட்டுக்கட்டை எடுத்தவள் ஜெயா. அந்தத் தெருவிலேயே பிறந்தவள், வீட்டில் மலாய் பேசும் சிட்டி சமூகத்துப் பெண். தமிழை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டவள். போக்கரை அதற்கு முன்பே.

ஆளுக்கு ஒரு குச்சி நடுவில் போட்டதும் ஐந்து சீட்டு. பந்தயம் வைத்த பிறகு, வேண்டாததைப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம்.

மற்ற மூவரும் மேலும் ஒவ்வொரு குச்சி வைத்தாயிற்று. இப்போது விஜயாவின் முறை.

ஒருத்தியை மட்டும் எதிர்த்தால் இரண்டு ராஜா பெரும்பாலும் ஜெயிக்கும். மூன்று பேர் ஆளுக்கு மூன்று சீட்டு மாற்றினால், எவளுக்காவது அதைவிட நல்லது விழுந்துவிடும். விஜயா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

அவளும் ஒரு குச்சியோடு நிறுத்தினால் எல்லோரும் உள்ளே இருப்பார்கள். ஐந்தையும் தள்ளினால், பதின்மூன்று வைத்திருப்பவர்கள் நமக்கேன் வம்பு என்று விலகிக்கொள்வார்கள்.

கண்ணம்மா விலக மாட்டாள். கையில் வந்த சீட்டைக் கீழே போட அவளுக்கு மனம் வராது. இருக்கிற இரண்டையும் வைப்பாள்.

பிறகு அவளும் இவளும்தான்.

சீட்டைக் கவிழ்த்துவிடவும் செய்யலாம். ஆனால் இப்படி ஒரு கை இன்னொரு தடவை வருமா?

கண்ணம்மா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை முறை கையைத் தட்டிவிட்டும் போகாத பழக்கம். போன மாதம்தான் பத்தொன்பது முடிந்திருந்தது.

"செப்பாட் லா," என்று அவசரப்படுத்தினாள் ஜெயா. "குச்சி போடச் சொன்னா, முட்டை போடற மாதிரி உக்காந்திருக்கே."

"அக்காவுக்குப் பயம். காதைப் பாரு, செவந்து போச்சு," என்று கண்ணம்மா சிரித்தாள்.

விஜயா ஐந்தையும் தள்ளினாள்.

ஜெயா சீட்டைக் கவிழ்த்தாள். தனலட்சுமியும்.

கண்ணம்மா யோசிக்கவே இல்லை. இரண்டு குச்சியையும் நடுவில் போட்டாள்.

இருவரும் மூன்று மூன்று சீட்டு மாற்றினார்கள். விஜயாவுக்கு ஒன்றும் விழவில்லை.

கண்ணம்மா விரித்தாள். இரண்டு ராணி.

விஜயா ராஜாக்களைப் பக்கத்தில் வைத்தாள்.

தனலட்சுமி எழுந்து, காய்ந்த தொப்பிகளைக் கொடியிலிருந்து எடுக்கப் போனாள்.

"அப்ப உன் கறுப்புக் குடை எனக்கு," என்றாள் கண்ணம்மா. உள்ளே போய்ப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

மேட்ரன் கொடுத்திருந்த தாளை விஜயாதான் நிரப்ப வேண்டியிருந்தது. நால்வரில் சீனியர் அவள்தான்.

கண்ணம்மாவின் பெயர் எழுதினாள். பிறந்த தேதி எழுதினாள். பிறந்த ஊர் செமாபோக். எதையும் உள்ளே போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில், ஏதாவது நேர்ந்துவிட்டால் யாருக்குத் தெரிவிப்பது என்று கேட்டிருந்தது.

தன் பெயரை எழுதினாள்.

உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. உள்ளே பெட்டியின் சத்தமும் நின்றிருந்தது.

கூடப்பிறந்தவள் என்று எழுதினாள்.