ரெண்டாவது ரேங்குக்கு லட்டு

மேலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஸ்வீட் கடையில் ஐந்து கிலோ லட்டு கேட்டார் உக்கிரபாண்டி.

"இம்புட்டு எதுக்குண்ணே? வீட்டுல விசேஷமா?" என்றான் கடைக்காரன் கிரிதரன்.

"நாலாவது படிக்கிற எம் மக திவ்யா ரெண்டாவது ரேங்க் எடுத்துருக்கா தம்பி. ஊரு பூராம் குடுக்கணும்."

"போன வருசம் என்ன ரேங்க்?"

"முதல் ரேங்க். அதுக்கு முந்தின வருசமும் முதல் ரேங்குதான்."

லட்டை நிறுத்துக்கொண்டிருந்த கிரிதரனின் கை அப்படியே நின்றது.

"அப்பல்லாம் ஒரு லட்டுகூட வாங்கலையேண்ணே. பிள்ளை இறங்கிப் போனதுக்கா கொண்டாட்டம்? வீட்டுல செல்போன் பாத்தே கெட்டுப்போகுதா?"

"அதெல்லாம் இல்ல. மார்க்கு போன வருசத்தைவிடக் கூடத்தான்."

"டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?"

"சூடாமணி டீச்சர் ரேங்க் கார்டைக் குடுக்கும்போதே அழுதுட்டாக."

"பின்ன, அழ மாட்டாகளா?"

"சந்தோசத்துல அழுதாக தம்பி. ஒண்ணாப்புல இருந்து அந்த வகுப்புல எம் மக ஒருத்திதான் இருந்தா. மத்த பிள்ளைக எல்லாம் வேன்ல ஏறி டவுனுக்குப் போயிருச்சு. பள்ளிக்கூடத்தையே மூடப் போறாகன்னு பேச்சு. நானும் டீச்சரும் வீடு வீடா ஏறி இறங்குனோம். இந்த வருசம்தான் மேலத்தெரு முத்துக்குமரன் தன் மகள இங்க கொண்டாந்து சேத்தாரு. அந்தப் பிள்ளதான் ஃபர்ஸ்ட்டு."

கிரிதரன் பெட்டியைக் கட்டிக் கொடுத்தான். உக்கிரபாண்டி அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

"அடுத்த வருசம் எப்பாடு பட்டாவது எம் மகள மூணாவது ரேங்குக்குத் தள்ளிரணும் தம்பி."