ஒப்புதலுக்கு ஒரே விரல்

மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள் கிளவுடில் பெயர் வரிசைப்படி அழிந்துகொண்டிருப்பதை அங்கயற்கண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தவறாக முடுக்கிவிட்ட நிரல். பார்ப்பதற்கு மட்டுமே அவளுக்கு அனுமதி. நிறுத்த வேண்டுமானால் இன்னொருவர் தம் கைபேசியில் விரல் வைத்து ஒப்புதல் தர வேண்டும். தேவைக்கு மேல் எவரிடமும் ஓர் உரிமையும் இருக்கலாகாது என்று அந்த விதியை எழுதியவளும், ஒப்புதல் தருவோரை ஒருவராகக் குறைத்தவளும் அவளே. அந்த ஒருவன் சேந்தன். இன்று அவன் தந்தைக்குத் தகனம்.

கைபேசியை எடுத்தவர் அவனுடைய மைத்துனர். "மாப்பிள்ளை குடத்தோட பொணத்தச் சுத்திட்டிருக்காரு. என்னம்மா விஷயம்?"

சொன்னாள்.

"ஒப்புதல்னு இங்க மினுங்குது. நான் வைக்கிறேனே விரல."

"உங்க விரல ஏத்துக்காதுங்க."

திரையில் வரிசை 'ம' எழுத்துப் பெயர்களுக்கு வந்திருந்தது.

"அப்ப இப்பவே போய்க் கேக்கவா? நீங்களே சொல்லுங்க."

"கேளுங்க" என்றாள்.

அவர் நடந்துபோகும் ஓசையும், அதன்பின் யாரோ ஒரு முதியவர் அதட்டுவதும் கேட்டன.

"எந்தக் கைய விடச் சொல்ற? கொடம் இருக்கிற கையவா, கொள்ளி இருக்கிற கையவா?"