பாபினில் மிச்சமிருந்த நூல்

மூன்று தையல் விழுவதற்குள் நூல் மறுபடி அறுந்தது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று யூடியூபில் ஒரு அக்கா தையல் மெஷினில் நூல் கோர்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தீவில், ஹேடோ குவார்ட்டர்ஸில் நெட் வருகிற லட்சணத்துக்கு அவள் கை பாதி வழியிலேயே நின்றுபோனது. திரையில் வட்டம்தான் சுற்றியது.

வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரருக்கே போன் போட்டேன். அருண்பிரசாத், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். சாப்பாட்டு நேரம், எடுத்துவிட்டார்.

மனிதர் அதிகம் பேசமாட்டார். பெண் பார்க்க உசிலம்பட்டிக்கு வந்தபோது என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு மாறுகண்ணா என்று என் தங்கை இன்றும் கேலி செய்கிறாள்.

அப்படிப்பட்டவர், தையல் மெஷின் என்றதும் மூச்சுவிடாமல் பேசினார்.

"அரே, நேரா ஊசிக்கு இழுக்காத வைஜூ. மொதல்ல ரெண்டு தட்டுக்கு நடுவுல விடு. அந்த ஸ்பிரிங் லூஸு, ரெண்டு சுத்து சுத்திக்க. அப்புறம் மேல ஏறி எறங்குதே ஒரு கம்பி, அதோட ஓட்டையில. கடைசியாத்தான் ஊசி. வலது பக்கத்துலேர்ந்து விடணும். நீ இடது பக்கம் விட்டிருப்ப."

இடது பக்கம்தான் விட்டிருந்தேன்.

அவர் சொன்னபடியே கோர்த்து, கைப்பிடியைச் சுற்றினேன். பழைய தலையணை உறையின் மேல் தையல் அழகாக ஓடியது.

சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் கிடந்த இந்தக் கை மெஷினைப் பற்றிக் கேட்டபோது, "முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது, நான் தொட்டதே இல்ல" என்று சொன்னவர் இவர்தான். தொடாத மெஷினில் ஸ்பிரிங் லூஸ் என்று எப்படித் தெரியும்?

யாரோ ஒருத்தி இதன்முன் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். இவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். பெங்காலியா, மலையாளியா, தெலுங்கா? இந்த லைனிலேயே எல்லாரும் இருக்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம். கப்பலேறி வந்த ஊரில் எனக்கென்று இவர் ஒருத்தர்தான். ஆனாலும் அவள் யாரென்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

தலையணை உறையைத் திருப்பினேன். மேலே நான் போட்டது வெள்ளை நூல். மெஷினுக்கு அடியில் இருக்கும் பாபின் உருளையிலிருந்து வந்த அடித்தையல் அரக்கு நிறம்.

"கீழ பாபின்ல அரக்கு நூல் மிச்சம் இருக்கே, அது யாரோடதுங்க?"

போனில் கப்பல் சங்குதான் கேட்டது. பிறகு, "அத வெட்டிப் போட்டுரு. வேலை இருக்கு" என்று வைத்துவிட்டார்.

வெட்டிப் போடவில்லை. பாபினை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். எங்கேயோ பார்த்த அரக்கு. எங்கே?

பீரோவைத் திறந்தேன்.

முகூர்த்தப் புடவைக்குள் மடித்து வைத்திருந்த என் பிளவுஸை எடுத்து, உள்பக்கம் திருப்பி, தோள் தையலின் மேல் அந்த நூலை வைத்தேன். எது நூல், எது தையல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் அளவு பிளவுஸ் கேட்கவே இல்லை. இந்த ஊர் அபர்டீன் பஜாரில் தைத்தது என்று மாமியார் ஒச்சம்மா கொண்டுவந்து கொடுத்தபோது, அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். போட்டுப் பார்த்தால் தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. மண்டபமே மூக்கின் மேல் விரல் வைத்தது.

அதற்கு முன் எனக்கு வந்த வரன் ஒன்றை, தையல்காரர் என்பதற்காகவே அப்பா வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். தரகர் அதை இவரிடம் சொல்லாமலா இருந்திருப்பார்?

பாவம், தைக்கத் தெரியும் என்று சொல்லவே பயந்து போயிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

சாயங்காலம் வந்தவர் முதலில் மெஷினைப் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்த பிளவுஸைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

டீயை நீட்டினேன்.

"அடுத்த பிளவுஸுக்காச்சும் அளவு வேணுமா, இல்ல கண்ணாலயே எடுத்துக்குவீங்களா?"